கோடியக்கரைக் காட்டில் ஒரு பகல்: நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலை இல்லை, ஏற்றம் இல்லை, ஆகவே எளிய நடைதான் என்ற நினைப்பிலிருந்தே கோடியக்கரைக்கு நண்பருடன் ஒரு பகல் போய்வரக் கிளம்புகிறவர்களின் தவறுகள் பலவும் பிறக்கின்றன. வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள இந்தக் கடலோரக் காட்டின் மிக உயர்ந்த இடமான இராமர் பாதமே ஒரு மணல்மேடுதான் என்பது உண்மை. ஆனால் கால் புதையும் மணலில் ஒரு கிலோமீட்டர் நடப்பது தார்ச்சாலையில் நடப்பதைப் போன்றதன்று. மலைக்காட்டில் கிடைக்கும் உயர்ந்த மரங்களின் தொடர் நிழலும் இங்கே கிடையாது. இது உலர் பசுமைமாறாக் காடு. பாலை மரங்கள் இலை உதிர்க்காமல் கரும்பச்சையாக நின்றாலும், அவற்றின் குடைக்கு வெளியே கால் வைத்தவுடன் வெயில் நேராகத் தலையில் இறங்கும்.

இதில் கடற்காற்றுதான் பெரிய ஏமாற்றுக்காரன். வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பது தெரிவதில்லை. பங்குனியில் நானும் நண்பரும் சென்றபோது இருவருக்குமான தண்ணீரையும் என் பையிலேயே வைத்திருந்தோம். அவர் படம் எடுப்பதற்காகப் பின்தங்க, நான் பேச்சு நின்றதைக் கூடக் கவனிக்காமல் முன்னே போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து அவரைக் கண்டுபிடித்தபோது உதடு வெடித்து, ஒரு பாலை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அவரவர் தோளில் இருக்க வேண்டும். விடியற்காலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

அன்று அவரைத் தேடியபோது நான் செய்த தவறு வேறொன்று. அலையோசை கேட்டதும் அந்தப் பக்கம் கிழக்கு என்று முடிவுகட்டினேன். சோழமண்டலக் கரையில் வேறெங்கும் அது சரியாக இருக்கலாம். இங்கே கரை சட்டென்று மேற்கே மடங்குவதால் கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை என இரண்டு பக்கமும் கடல்தான். கோடி என்ற பெயரே அந்த முனையைத்தான் சொல்கிறது. போதாக்குறைக்குக் காட்டுக் குதிரைகளும் மான்களும் போட்ட ஒற்றையடித் தடங்கள் எல்லாமே பாதைபோலத் தோன்றும். வனத்துறையின் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் வழியில் மட்டும் நடப்பது விதிக்காக மட்டுமன்று.

ரப்பர் செருப்போடு வருவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த சீமைக்கருவேல முள் அடிப்பாகத்தைத் துளைத்து நேரே குதிகாலில் ஏறிவிடும். சேற்று வெளி அதைவிட மோசம். வெயிலில் உப்பு பூத்து வெண்மையாக இறுகிக் கிடக்கும் மேற்பரப்பு கெட்டித் தரைபோலத் தெரியும். மிதித்தால் கணுக்காலைத் தாண்டிப் புதையும்.

வெளிமானைப் பார்க்க வருகிறவர்கள் அடர்ந்த காட்டுக்குள் போய்த் தேடுவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். 1967இல் இந்தச் சரணாலயம் அமைந்ததே அந்த மானுக்காகத்தான் என்றாலும், அது திறந்த புல்வெளியில் வாழும் விலங்கு. தொலைவிலேயே ஆபத்தைக் கண்டு ஓடிப் பிழைப்பது அதன் இயல்பு. முறுக்கிய கொம்பும் கருமையான முதுகும் ஆணுக்கு மட்டுமே உரியவை. கொம்பில்லாத மஞ்சட்பழுப்புப் பெண்மான்களைப் புள்ளிமான் என்று எண்ணிக் கடந்துவிடுகிறவர்கள் உண்டு. நல்ல படத்துக்காக மந்தையை நெருங்கிச் சென்று ஓடவிடுவது, தண்ணீருக்கே தவிக்கும் பருவத்தில் அவற்றுக்குப் பெருங்கேடு. பூநாரைக் கூட்டத்தைப் பங்குனி, சித்திரையில் எதிர்பார்ப்பதும் வீண்; வலசைப் பறவைகளைக் காண மார்கழி, தை மாதங்களே ஏற்றவை.

கடற்கரையில், டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல் மணலில் ஒரு தடம் ஏறி இறங்கியிருந்தால், அது முட்டையிட வந்த பங்குனி ஆமையின் தடமாக இருக்கக்கூடும். தோண்டிப் பார்க்காமல் வனப் பணியாளரிடம் இடத்தைச் சொன்னால் போதும்.

கட்டுச்சோற்றைக் காட்டுக்குள் பிரிக்காதீர்கள். பாலைப்பழம் தின்று வாழத் தெரிந்த குரங்குகள், புளியோதரைப் பொட்டலத்தின் சரசரப்பையும் நன்றாகவே கற்றுவைத்திருக்கின்றன.