அல்சர் வலியின் போக்கு மாறினால்: அரிதான சிக்கல்களை அடையாளம் காண்பது எப்படி?

வயிற்றுப் புண் உள்ளவருக்கு அந்த வலி பழகிப்போயிருக்கும். எப்போது வரும், எதற்கு அடங்கும் என்பது அத்துப்படி. அந்தப் போக்கு மாறுவதுதான் பல சிக்கல்களுக்கு முதல் அடையாளம். ஆகவே வலியின் அளவை மட்டும் பார்க்காமல், இடம், நேரம், எதற்குத் தணிகிறது என்ற மூன்றையும் குறித்து வையுங்கள்.

மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவி, விடாமல் நீடித்து, ஆன்டாசிடுக்கோ (அமிலத்தைத் தணிக்கும் மருந்து) சாப்பாட்டுக்கோ அடங்கவில்லை என்றால், புண் இரைப்பைச் சுவரைத் தாண்டிக் கணையத்தை அரித்திருக்கலாம். வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து நாளைக் கடத்தாதீர்கள். ரத்தத்தில் அமிலேஸ், லிப்பேஸ் என்ற கணைய நொதிகளின் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் தேவைப்படும்.

சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து, செரிக்காத சாப்பாடு அப்படியே வாந்தியாக வருகிறதா? அதில் பித்தத்தின் பச்சை நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடைப்பு இரைப்பையிலிருந்து உணவு குடலுக்கு வெளியேறும் வாயிலிலேயே இருக்கக்கூடும். புண்ணின் வீக்கமோ ஆறிய தழும்போ வழியைச் சுருக்கிவிடுகிறது. தொடர் வாந்தியில் அமிலத்தோடு குளோரைடும் வெளியேறும், பொட்டாசியமும் குறையும். ரத்தத்தில் காரத்தன்மை ஏறும். வெறும் தண்ணீர் குடித்து இதைச் சரிக்கட்ட முடியாது. மூக்குவழிக் குழாயால் இரைப்பையைக் காலி செய்து, நரம்பு வழியாக உப்புநீரும் பொட்டாசியமும் ஏற்ற வேண்டும். வீக்கம் வடிந்த பிறகும் வழி திறக்காவிட்டால், எண்டோஸ்கோபி மூலம் பலூன் வைத்து விரிப்பார்கள்.

மிக அரிதானது, இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் இடையே புதுப்பாதை உண்டாவது. வாந்தியிலோ ஏப்பத்திலோ மல நாற்றம், செரிக்காத உணவோடு வயிற்றுப்போக்கு, வேகமாக எடை குறைவது ஆகியவை இதன் அடையாளங்கள். ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகளை நெடுநாள் எடுத்தவர்களிடம் இது காணப்படுகிறது. புற்றுநோயாலும் இதே பாதை உண்டாகும் என்பதால் திசுப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

நேரம் கடத்தவே கூடாதது, புண் உள்ள இடத்தில் ஓட்டை விழுவது. கத்தியால் குத்தியதுபோலத் திடீர் வலி, பலகைபோல் இறுகிய வயிறு, சில சமயம் தோள்பட்டையிலும் வலி. அசைந்தால் வலி கூடுவதால் நோயாளி ஆடாமல் படுத்திருப்பார். சில மணி நேரத்தில் வலி தணிந்ததுபோலத் தோன்றலாம். அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். முதியவர்களிடமும் ஸ்டீராய்டு எடுப்பவர்களிடமும் வலி மங்கலாகவே இருக்கும், அங்கேதான் நோயைத் தவறவிடுகிறார்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். தண்ணீர், மாத்திரை எதுவும் வாய்வழி வேண்டாம். நிற்க வைத்து எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்கு (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கீழே காற்று தெரியும். தெரியாவிட்டாலும் ஓட்டை இல்லை என்று முடிவுகட்ட முடியாது, சி.டி. எடுக்க வேண்டும்.

தார்போல் கருத்துப் பிசுபிசுக்கும் மலம், ரத்த வாந்தி, எழுந்தால் தலைசுற்றல் என்றாலும் அதே அவசரம்தான். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருப்பாக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் கெட்ட நாற்றமும் இருக்காது.

உயிராபத்து நீங்கிய பிறகு காரணத்தைத் தீர்க்க வேண்டும். ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் கூட்டு மருந்து தருவார்கள். நன்றாகிவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால் கிருமி தப்பித்துக்கொள்ளும். கிருமி ஒழிந்ததா என்று பார்க்கும் மூச்சு அல்லது மலப் பரிசோதனையை ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரமாவது கழித்து, அமிலம் குறைக்கும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு 2 வாரம் நிறுத்தியபின் செய்யுங்கள். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். ஐபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை விட்டுவிடுங்கள். இதயத்துக்காக எடுக்கும் ஆஸ்பிரினை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.