தினமும் 150 கிலோமீட்டர் ஹைவே ஓட்டம்: மைலேஜ் கார் தேர்ந்தெடுக்க நான் போட்ட கணக்கு, ஸ்டெப் பை ஸ்டெப்

திண்டிவனத்துல வீடு, மறைமலைநகர்ல வேலை. ஒரு பக்கம் 75 கிலோமீட்டர் சொச்சம், போக வர 150, மாசம் 25 நாள். அங்கயே வாடகைக்கு வீடு பாத்துக்க வேண்டியதுதானேன்னு கமெண்ட் போடாதீங்க, அந்தப் பேச்சை எடுத்தப்பவே எங்கம்மா "மாட்ட யாரு பாப்பா"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. ட்ரெயின் என் ஷிப்ட் டைமுக்கு ஒத்து வரல. அதனால கார்தான்.

மைலேஜ்னா என்ன, சிஎன்ஜின்னா என்னன்னு ஆரம்பத்துல இருந்து சொல்லப் போறதில்ல, அதுக்கு ஆயிரம் வீடியோ இருக்கு. ரெண்டு வருஷம் தப்பான வண்டிய வச்சு அல்லாடிட்டு, அப்புறம் உக்காந்து கணக்கு போட்டு சரியான வண்டிய எடுத்தேன், அந்தக் கணக்க மட்டும் சொல்றேன்.

ஸ்டெப் 1: உங்க ஓட்டத்த எழுதுங்க

சும்மா "டெய்லி ரன்னிங்"னு சொல்லாம நம்பரா எழுதுங்க. எனக்கு 150 x 25 = மாசம் 3,750, வருஷத்துக்கு 45,000 கிலோமீட்டர். இந்த நம்பர எழுதிப் பாத்ததும் பாதி விஷயம் தானா தெளிவாகிடும். உதாரணத்துக்கு வாரண்டி. 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர்னு போட்டிருந்தா நமக்கு 3 வருஷம் எல்லாம் கிடையாது, ரெண்டே கால் வருஷத்துல கிலோமீட்டர் முடிஞ்சிடும். சர்வீஸ் 10,000க்கு ஒரு தடவைன்னா வருஷத்துக்கு நாலு அஞ்சு தடவ போய் நிக்கணும், டயர் வருஷா வருஷம் செலவு லிஸ்ட்டுல வந்துடும். எக்ஸ்டெண்டட் வாரண்டி வேஸ்ட்டுன்னு சொல்றவங்க யாரும் 45,000 ஓட்டறவங்க இல்ல.

அப்புறம் அந்த ஓட்டத்துல எவ்ளோ ஃப்ரீ ரோடு, எவ்ளோ ட்ராபிக்னு பிரிங்க. எனக்கு அச்சரப்பாக்கம், மேல்மருவத்தூர், மதுராந்தகம், பாலாறு பாலம் வரைக்கும் ஓரளவு அடிச்சு விடலாம், செங்கல்பட்டு தாண்டினா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஊர்ந்துதான் போகணும். 75ல 60 ஃப்ரீ, 15 ட்ராபிக்னு வச்சுக்கிட்டேன்.

ஸ்டெப் 2: கம்பெனி சொல்ற மைலேஜ எப்படிப் படிக்கணும்

ஏஆர்ஏஐ (இந்தியால வண்டிகள டெஸ்ட் பண்ற அமைப்பு) மைலேஜ்னு போடறது பொய் இல்ல, ஆனா அது ரோட்டுல ஓட்டி எடுத்தது இல்ல. லேப்ல ரோலர் மேல வண்டிய நிறுத்தி, கிட்டத்தட்ட 20 நிமிஷம் ஒரு குறிப்பிட்ட பேட்டர்ன்ல ஓட்டி எடுக்கிற நம்பர், அந்த டெஸ்ட்டுல அதிகபட்ச வேகமே 90தான். மாருதி டிசையர் பெட்ரோல் மேனுவல் லிட்டருக்கு 24.79, அதோட சிஎன்ஜி கிலோவுக்கு 33.73, கிராண்ட் விடாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோட மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தது) லிட்டருக்கு 27.97. இதெல்லாம் ஒண்ணோட ஒண்ண ஒப்பிட்டுப் பாக்க மட்டும் வச்சுக்கங்க, இத வச்சு பெட்ரோல் செலவு கணக்கு போடாதீங்க. நான் எப்பவும் 15 பர்சென்ட் கழிச்சுட்டுதான் ஆரம்பிப்பேன்.

ஹைப்ரிட் பத்தி ஒரு வார்த்தை. பிரேக் அடிக்கறப்போ வீணாப் போற சக்திய பேட்டரில பிடிச்சு வச்சு திருப்பிக் குடுக்கறதுதான் அதோட வித்தையே. ஹைவேல ஒரே சீரா 90ல போறவன் எங்க பிரேக் அடிக்கிறான்? சென்னைக்குள்ள சிக்னல் சிக்னலா நின்னு போறவங்களுக்கு அது தங்கமான வண்டி, என்ன மாதிரி ஆளுக்கு அந்த எக்ஸ்ட்ரா லட்சங்கள் திரும்பி வராது.

ஸ்டெப் 3: டெஸ்ட் டிரைவ உங்க ரோட்டுல எடுங்க (நான் வழுக்கி விழுந்த இடம்)

முதல் கார் வாங்கினப்போ ஷோரூம்ல இருந்து டவுனுக்குள்ள மூணு கிலோமீட்டர் ஒரு ரவுண்டு. வண்டி சின்னது, துறுதுறுன்னு போச்சு, ஏசி ஜில்லுன்னு இருந்துச்சு, பக்கத்துல உக்காந்திருந்த தம்பி "சார் 22 சாதாரணமா குடுக்கும்"னாரு, புக் பண்ணிட்டேன். மறுவாரம் பைபாஸ் ஏறி 100 தொட்டதும்தான் தெரிஞ்சுது, ஆர்பிஎம் முள்ளு (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தன தடவ சுத்துதுன்னு காட்டறது) 3,500ல நிக்குது, இன்ஜின் மிக்ஸி மாதிரி கத்துது, நான் அஞ்சாவது கியர்லதான் இருக்கேனான்னு ரெண்டு தடவ குனிஞ்சு பாத்தேன். இருந்தேன். மைலேஜ் 15.5.

விஷயம் என்னன்னா சில சின்ன வண்டிகள்ல டவுன்ல சுறுசுறுப்பா இழுக்கணும்னு கியர் ரேஷியோவ அப்படி வச்சிருப்பாங்க, டவுனுக்கு அது சரி, ஹைவேல டாப் கியர்லயே இன்ஜின் வேகமா சுத்திக்கிட்டே இருக்கும். அதனால எந்த வண்டி பாத்தாலும் ஒரே ஒரு கேள்வி: டாப் கியர்ல 100ல போறப்போ ஆர்பிஎம் எவ்ளோ? பெட்ரோல்ல 3,000ம் அதுக்குக் கீழயும் இருந்தா நல்லது, டீசல்ல 2,000 பக்கம் இருக்கும். ஷோரூம்ல யாருக்கும் இதுக்கு பதில் தெரியாது, நீங்கதான் ஓட்டிப் பாக்கணும்.

எப்படி ஓட்டிப் பாக்கறது? ரெண்டாவது தடவ நான் பண்ணது, நான் வாங்க நினைச்ச அதே மாடல செல்ஃப் டிரைவ் வாடகைக்கு எடுத்து ரெண்டு நாள் ஆபீசுக்கே ஓட்டிட்டுப் போயிட்டேன். அஞ்சாயிரம் ரூபா கிட்ட ஆச்சு, ஒரு நாளைக்கு எவ்ளோ கிலோமீட்டர் லிமிட்டுன்னு மட்டும் முதல்லயே கேட்டுக்கங்க. பத்து லட்சம் போடற இடத்துல அஞ்சாயிரம் ஒண்ணும் பெருசில்ல, வீட்டுல திட்டுனாங்க, அது வேற.

மைலேஜ் எடுக்கறது டேங்க் டு டேங்க் மட்டும்தான். மீட்டர்ல காட்டற ஆவரேஜ நம்பாதீங்க, எனக்கு எப்பவும் ஒண்ணு ஒன்றரை கூடத்தான் காட்டும். ஃபுல் டேங்க் போட்டு, நாசில் முதல் தடவ "டக்"குனு கட் ஆன உடனே நிறுத்தச் சொல்லுங்க, ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணுங்க, ஓட்டுங்க, திரும்ப அதே பங்க்ல அதே மிஷின்ல முதல் கட் வரைக்கும் போடுங்க. ஓடின கிலோமீட்டர இப்ப போட்ட லிட்டரால வகுங்க, அவ்ளோதான். இதுல ஒரே வில்லன் பங்க் பையன்தான். கட் ஆனதும் "ரவுண்டா போட்டுரட்டுமா சார்"னு கேட்டுக்கிட்டே 1,873 ரூபாய 1,900 ஆக்கிடுவான், உங்க கணக்கு அங்கயே காலி. இறங்கி பக்கத்துல நின்னு முன்னாடியே சொல்லிடுங்க. காத்து காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி செக் பண்ணிடுங்க.

அந்த ரெண்டு நாள்ல முதல் நாள் 80லயே போனேன், 23.5 வந்துச்சு. ரெண்டாம் நாள் 100ல போனேன், 19. அதே வண்டி, அதே ஆளு, அதே ரோடு. காத்து எதிர்க்கிற எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 80ல இருந்து 100க்குப் போனா ஒன்றரை மடங்குக்கு மேல. பணமாப் பாத்தா கிலோமீட்டருக்கு ஒரு ரூபா வித்தியாசம், 120 கிலோமீட்டர் ஃப்ரீ ரோட்டுக்கு நாளைக்கு 120 ரூபா. மிச்சமான நேரம் ஒரு பக்கத்துக்கு 9 நிமிஷம். அந்த 9 நிமிஷத்தையும் சிங்கப்பெருமாள் கோவில்ல நின்னு குடுத்துட்டேன்.

ஸ்டெப் 4: மைலேஜ் பேச்ச விட்டுட்டு கிலோமீட்டருக்கு எத்தன ரூபான்னு பாருங்க

லிட்டருக்கு 21, கிலோவுக்கு 28னு பேசினா ஒண்ணும் புரியாது. எல்லாத்தையும் ரூபாயா மாத்துங்க. நான் போட்டப்போ எங்க பக்கம் பெட்ரோல் 101, டீசல் 92.50, சிஎன்ஜி 91. என் ரோட்டு மைலேஜ வச்சு:

பெட்ரோல் செடான், 21 குடுத்தா, கிலோமீட்டருக்கு 4.80.
டீசல் காம்பாக்ட் எஸ்யூவி, அதுவும் 21 குடுத்தா, 4.40.
ஸ்ட்ராங் ஹைப்ரிட், 22 குடுத்தா, 4.60.
சிஎன்ஜி செடான், 28 குடுத்தா, 3.25.

சிஎன்ஜி, டீசல் நம்பர் எல்லாம் கூட வேலை பாக்கறவங்க வண்டிய கெஞ்சி வாங்கி ஓட்டி எடுத்தது. இப்ப வருஷ ஓட்டத்தால பெருக்குங்க. பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் 1.55 வித்தியாசம், 45,000க்கு 70,000 ரூபா. சிஎன்ஜி மாடலுக்கு எக்ஸ்ட்ரா குடுக்கறது ஒரு லட்சம்னே வச்சாலும் ஒன்றரை வருஷத்துல திரும்பி வந்துடும். டீசலுக்கு 40 பைசா வித்தியாசம், வருஷம் 18,000தான், விலை வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல, எட்டு வருஷம் ஆகும். டீசல்னா லாபம்னு சொல்ற மாமாக்கள் எல்லாம் லிட்டருக்கு 20 ரூபா வித்தியாசம் இருந்த காலத்துல வண்டி வாங்கினவங்க. பெரிய வண்டிதான் வேணும், இழுவை வேணும்னா டீசல் எடுங்க, அது வேற கணக்கு.

வருஷம் 12,000 மட்டும் ஓட்டறவங்களுக்கு இதே சிஎன்ஜி கணக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இழுக்கும், அதனால என் முடிவ அப்படியே காப்பி அடிக்காதீங்க.

பழைய வீடியோல சொல்ற விலையையும் நம்பாதீங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 பர்சென்ட் ஆயிடுச்சு, அதுக்கு முன்னாடி 28ம் அதுக்கு மேல செஸ்ஸும். ஆன் ரோடு விலைய இன்னிக்கு தேதிக்கு எழுதி வாங்கிக்கங்க.

இந்தக் கணக்கெல்லாம் எழுதி வைக்க ஆப் இருக்கு, ரெண்டு மூணு போட்டுப் பாத்துட்டு தூக்கிட்டேன். டேஷ்போர்டுல ஒரு நாற்பது பக்க நோட்டு, நூல்ல கட்டின ஒரு பேனா. சார்ஜ் தீராது, விளம்பரம் வராது.

ஸ்டெப் 5: சிஎன்ஜின்னா முதல்ல பங்க்க பாருங்க, அப்புறம் வண்டிய

டிசையர் சிஎன்ஜி சிலிண்டர் 55 லிட்டர்னு சொல்வாங்க, அது தண்ணி அளவு, கேஸ் உள்ள போறது எனக்கு ஏழரை கிலோதான். 28ஆல பெருக்கினா 210 கிலோமீட்டர். அதாவது மாசத்துக்கு 18 தடவ பங்க். ஒரு தடவைக்கு க்யூல 25 நிமிஷம்னா மாசம் ஏழரை மணி நேரம். பெயர் பொருத்தமாத்தான் இருக்கு. பெட்ரோல விட மாசம் 5,800 ரூபா மிச்சம், அந்த ஏழரைக்கு இந்த 5,800 கட்டுமான்னு உங்களுக்கு நீங்களே கேட்டுக்கணும்.

எல்லா சிஎன்ஜி பங்க்கும் ஒண்ணில்ல. சிலதுக்கு நேரா பைப்லைன்லயே கேஸ் வரும், சிலதுக்கு லாரில சிலிண்டர் சிலிண்டரா வரும். லாரி வர்ற பங்க்ல கேஸ் குறையக் குறைய பிரஷரும் இறங்கும், 200 பார் ஏறவேண்டியது 150லயே நின்னுடும், ஃபுல் ஆச்சுன்னு நினைச்சு கிளம்பினா மதுராந்தகம் தாண்டும்போதே முள்ளு சரியும். வண்டி புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் நான் போற வழில இருக்கற மூணு பங்க்லயும் காலைல ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ நின்னு அங்க இருக்கற ஆட்டோக்காரங்ககிட்ட பேசினேன். எந்த பங்க்ல பிரஷர் வரும், எத்தன மணிக்கு லாரி வரும், எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. கடைசில கம்பெனி பக்கத்துலயே ஒண்ணு, காலைல ஆறு மணிக்குப் போனா க்யூ இல்ல, பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. அதப் பாத்துட்டுதான் டிசையர் சிஎன்ஜி புக் பண்ணேன். டிக்கில பெரிய சூட்கேஸ் வைக்க முடியாது, ஆபீசுக்கு நான் கொண்டு போறது ஒரு டிபன் கேரியர்தான். குளோபல் என்கேப்னு கார மோதவிட்டுப் பாக்கற டெஸ்ட்டுல பெரியவங்க பாதுகாப்புக்கு 5 ஸ்டார் வாங்கின மாடல்ங்கறது வீட்டுல ஓகே வாங்க உதவுச்சு.

வெளில கிட் மாட்டறத விட கம்பெனி ஃபிட்டட் எடுங்க. வாரண்டி போகாது, ஆர்சில ஏத்தற அலைச்சலும் இல்ல.

அப்டேட் 1: டோல் பாஸ்

எனக்கு ஆத்தூர், பரனூர்னு ரெண்டு டோல். ஃபாஸ்டேக் வருஷாந்திர பாஸ் 2025 ஆகஸ்ட் 15ல வந்தப்போ 3,000 ரூபா, ஒரு நண்பர் அப்படின்னா வருஷத்துக்கே 3,000 போதுமான்னு கேட்டாரு. போதாதுங்க, ஒரு வருஷம் அல்லது 200 தடவ, எது முதல்ல வருதோ அது. நான் நாளைக்கு நாலு தடவ தாண்டறேன், 50 வேலை நாள்ல காலி, திரும்ப வாங்கணும். அப்படியும் ஒரு தடவைக்கு 15 ரூபா கிட்டதான், வாங்கிடுங்க. புது வண்டியா இருந்தா இன்னொண்ணு: ஃபாஸ்டேக் சேசிஸ் நம்பர்ல மட்டும் பதிவாகியிருந்தா பாஸ் கிடைக்காது, நம்பர் பிளேட் வந்ததும் வண்டி நம்பர அப்டேட் பண்ணணும். எனக்கு இது தெரியாம பத்து நாள் முழு டோல் கட்டினேன்.

அப்டேட் 2: மைலேஜ் குறைஞ்சுடுச்சுன்னு பெட்ரோல் வண்டிக்காரங்க கேட்டது

இப்ப பங்க்ல வர்றது 20 பர்சென்ட் எத்தனால் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனால்ல பெட்ரோலோட மூணுல ரெண்டு பங்கு சக்திதான் இருக்கு, அதனால கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனா 20 குடுத்தது 15 குடுக்குதுன்னா அது எத்தனால் இல்ல, டயர் காத்து, ஏர் ஃபில்டர், பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கான்னு பாருங்க.

சிஎன்ஜி வண்டிக்காரங்களுக்கு: சிலிண்டர 3 வருஷத்துக்கு ஒரு தடவ ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி நிரப்பி பிரஷர் ஏத்திப் பாக்கறது) பண்ணணும், தேதி தாண்டினா பங்க்ல போட மாட்டாங்க.

அப்டேட் 3: எலக்ட்ரிக் ஏன் சொல்லலன்னு நாலு பேர் சண்டைக்கு வந்துட்டீங்க

நியாயம்தான். இந்த ஓட்டத்துக்கு வீட்டுலயே சார்ஜ் போட முடிஞ்சா ரன்னிங் செலவுல அத அடிச்சுக்க ஆள் இல்ல. மாசம் 3,750 கிலோமீட்டருக்கு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர்னு வச்சா ரெண்டு மாசத்துக்கு ஆயிரம் யூனிட்டுக்கு மேல வரும், வீட்டு மீட்டர்லயே போட்டா கடைசி ஸ்லாப் வரைக்கும் போயிடும், எல்லா யூனிட்டுக்கும் கிட்டத்தட்ட 12 ரூபான்னே வச்சாலும் கிலோமீட்டருக்கு 1.70தான். வண்டி விலை கூட, அத 45,000 ஓட்டத்துக்குப் போட்டுப் பாருங்க, பல பேருக்கு ஒத்து வரும்.

எனக்கு ஏன் ஒத்து வரலன்னா, கார் நிறுத்தி சார்ஜர் மாட்டக்கூடிய ஒரே இடம் வீட்டுப் பக்கத்துல இருக்கற கொட்டாய். அங்க மாடு கட்டியிருக்கு.