பித்தலாட்டத்தை விரலால் கண்டுபிடிப்பது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பித்தளைச் சாமான் வாங்கப் போகிறீர்களா? முதலில் 'பித்தலாட்டம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பித்தளைக்குப் பித்தலை என்றும் பெயர் உண்டு. அதோடு ஆட்டம் சேர்ந்ததுதான் இந்தச் சொல். செம்பும் துத்தநாகமும் கலந்த இந்த உலோகம் துலக்கி வைத்தால் பொன்போல மினுங்கும். அதைப் பொன் என்று காட்டி ஏய்ப்பதுதான் சொல்லுக்குள் இருக்கும் படம். கவரிங் வளையலைக் கவரிங் என்று சொல்லி விற்றால் பித்தலாட்டம் இல்லை. தங்கம் என்று சத்தியம் செய்தால்தான் பித்தலாட்டம்.

பழைய சாமான் கடையில் பெரும்பாலும் உலோகம் நிஜம்தான். பொய் வயதில் இருக்கும். போன வருஷம் ஒரு தூக்குச்சட்டியை, நூறு வருஷத்துச் சீர்ச் சாமான் என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி வாங்கி வந்தேன். எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரங்களில் வீட்டு விலாசத்தை, அதாவது பெயரின் முதலெழுத்துகளை, உளியால் வெட்டி வைப்பார்கள். அப்பத்தா கண்ணாடிகூடப் போடவில்லை. அந்த எழுத்தின்மேல் விரலை ஓட்டினார்கள்.

"என்ன ஆத்தா, எழுத்து கையைக் கீறுது? நூறு வருஷம் புளி போட்டுத் தேச்சிருந்தா முனை மழுங்கியிருக்காதா?"

அப்புறம் புளியைக் கரைத்துத் தேய்த்தோம். மேலே இருந்த கறுப்புச் சாயம் ஒரே தேய்ப்பில் வழிந்து, எழுத்துப் பள்ளத்தில் புத்தம்புது மஞ்சள் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சாமானைக் கடை விளக்கடியில் பார்க்காமல் வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். எழுத்தைத் தடவுங்கள். பிறகு கைப்பிடி மாட்டும் காதுத் துளையைப் பாருங்கள்: வருஷக்கணக்கில் தூக்கிய சட்டி என்றால் கம்பி உராய்ந்து துளை மேல்பக்கமாக நீண்டு போயிருக்கும். வட்டம் குலையாமல் இருந்தால் அது அதிகம் புழங்காதது. அடிவிளிம்பு தரையில் படும் இடத்தில் வழுவழுவென்று தேய்ந்திருக்க வேண்டும். உடம்பு முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு சின்னக் காந்தமும் கொண்டு போங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு.

எல்லாம் சரியாக இருந்தாலும், சொன்ன வயதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் சட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.