செயற்கை ஸ்பிங்க்டர் வைத்துக்கொள்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருமினால் சிறுநீர் சொட்டுகிறது, தும்மினால் சொட்டுகிறது, நாற்காலியிலிருந்து எழுந்தாலும் சொட்டுகிறது. புற்றுநோய்க்காக புராஸ்டேட்டை எடுத்த ஆண்களில் சிலருக்கு இந்தக் கசிவு நிற்பதே இல்லை. சிறுநீரை அடக்கும் தசையின் வேலையைச் செய்ய உடலுக்குள் வைக்கும் கருவிதான் செயற்கை ஸ்பிங்க்டர். அது பெரும்பாலும் இவர்களுக்குத்தான். (பெண்களுக்கும் வைப்பதுண்டு. ஆனால் அவர்களுக்கு முதலில் யோசிப்பது வேறு அறுவை சிகிச்சைகளை.)

சிறுநீர்க்குழாயைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றுக்குள் ஒரு சின்ன பலூன், விதைப்பைக்குள் ஒரு பம்ப். மூன்றுக்கும் நடுவே திரவம் ஓடுகிறது. பம்பை சில முறை அமுக்கினால் பட்டையில் உள்ள திரவம் பலூனுக்குப் போகும், பிடி தளரும், சிறுநீர் வரும். சில நிமிடங்களில் திரவம் தானாகத் திரும்பி வந்து பட்டை இறுகிவிடும். பேட்டரி கிடையாது. இன்று பரவலாக வைக்கப்படும் ஏஎம்எஸ் 800 கருவி 1980களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. கருவியை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். அதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் போவதில்தான் பாதிச் சிக்கல்.

முதல் தவறு, அவசரம். புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு 6 மாதம், சில சமயம் ஒரு வருடம் வரைகூட கசிவு மெல்ல மெல்லக் குறையும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ஒழுங்காகச் செய்து பார்க்காமல் கருவியைக் கேட்டு நிற்பது வீண்.

எந்த வகைக் கசிவு என்று பார்க்காமல் விடுவது அதைவிட மோசம். அடக்க முடியாத அவசரம் வந்து, கழிப்பறைக்கு ஓடும் வழியிலேயே போய்விடுகிறது என்றால், அது சிறுநீர்ப்பையின் கோளாறு. வாசலில் எவ்வளவு நல்ல பூட்டு போட்டாலும் உள்ளே இருந்து இடிப்பவனை நிறுத்தாது. கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த இடத்துத் திசு பலவீனமாக இருப்பதால் பட்டை அரித்து உள்ளே போகும் ஆபத்து கூடுதல். அப்புறம் கை. விரல் நடுக்கம், முடக்குவாதம், மறதி இருப்பவர் ஒவ்வொரு முறையும் தானே பம்பை அமுக்க முடியுமா? அறுவைக்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது.

அறுவை முடிந்த மறுநாளே, "இன்னும் ஒழுகுதே, ஆபரேஷன் ஃபெயிலா?" என்று கலங்குகிறவர்கள் உண்டு. இல்லை. காயம் ஆறட்டும் என்று கருவியைச் சுமார் 6 வாரம் வேலை செய்யாத நிலையில்தான் வைத்திருப்பார்கள். அதுவரை பேட் வேண்டும். வீக்கம் வடிந்ததா என்று பார்க்க பம்பை நோண்டக் கூடாது.

பம்பின் கீழ்ப்பகுதி மிருதுவாக இருக்கும். மேலே கெட்டியான பகுதியில் ஒரு குட்டிப் பொத்தான். அமுக்க வேண்டியது கீழே. தெரியாமல் பொத்தானை அழுத்திவிட்டால் திரவம் ஓடாமல் பூட்டிக்கொள்ளும். பட்டை தளர்ந்த நேரத்தில் அப்படி ஆனால் நிற்காமல் ஒழுகும். இறுகிய நேரத்தில் ஆனால் சிறுநீரே வராது. பின்னது அவசர நிலை. இன்னொன்று: மருத்துவர் சொல்லிக் கருவியை நிறுத்தும்போதும், பம்ப் சப்பையாகக் கிடக்கையில் பொத்தானை அழுத்தக் கூடாது. பம்பில் கொஞ்சம் திரவம் சேரட்டும். இல்லாவிட்டால் மறுபடி இயக்குவது பெரும்பாடு.

எனக்கு மிகவும் பயம் தருவது யூரின் டியூப்தான். வேறு ஏதோ விபத்து, வேறு ஏதோ அறுவை. கருவி இருப்பது தெரியாமல் பட்டை இறுகிய நிலையில் டியூபை நுழைத்துவிட்டால் சிறுநீர்க்குழாய் கிழியலாம், பின்னால் அரிப்பு ஏற்பட்டுக் கருவியையே எடுக்க நேரலாம். முதலில் பட்டையைத் தளர்த்திப் பூட்ட வேண்டும். அப்புறம் மெல்லிய டியூப், அதுவும் முடிந்த அளவு குறைந்த நேரத்துக்கு. மயக்கத்தில் இருக்கும் நோயாளியால் இதைச் சொல்ல முடியாது. ஆகவே கருவி இருப்பதைச் சொல்லும் அட்டை பர்ஸில் இருக்கட்டும், மனைவி மக்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். கூச்சத்தில் வீட்டில் மறைத்து வைப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

சொட்டுக்கூடக் கசியாது என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. நாளுக்கு ஒரு பேட் போதும் என்ற நிலையையே மருத்துவர்கள் வெற்றியாகக் கணக்கிடுகிறார்கள். அந்தப் பகுதியில் நேராக அழுத்தம் விழும் சைக்கிள், குதிரைச் சவாரி பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவி ஆயுளுக்கும் உழைக்காது. பலருக்கு 10 வருடத்துக்குள் மாற்றவோ சரிசெய்யவோ நேர்கிறது. நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று கசிந்தால் திரவம் வெளியேறியிருக்கலாம், பட்டைக்கு உள்ளே திசு மெலிந்திருக்கலாம். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டாம். விதைப்பையில் வலி, சிவப்பு, பம்ப் தோலோடு ஒட்டிக்கொண்டது போல இருப்பது, சிறுநீரில் ரத்தம் என்றால் அன்றைக்கே போங்கள். தொற்று உறுதியானால் வழக்கமாகக் கருவி முழுவதையும் எடுத்துவிடுவார்கள். புண் ஆறி மாதக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் அடுத்தது வைக்க முடியும்.