பறித்தார்களா, இறக்கினார்களா? ஆங்கிலத்தில் சரியான வினையைப் பிடிப்பது எப்படி

பறி, பிடுங்கு, திருடு என்று தமிழில் வினை எதுவானாலும் வாக்கியம் கட்டுவது ஒரே மாதிரிதான். போகிற பொருளுக்கு ‘ஐ’, பறிகொடுத்தவருக்கு ‘இடமிருந்து’. அவனிடமிருந்து பதக்கத்தைப் பறித்தார்கள், அவளிடமிருந்து பர்ஸைத் திருடினார்கள். இதே பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதப் போனால் பாதி இடங்களில் இடறும். போன வாரம் ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்திருந்தாள்: ‘தே ராப்ட் மை பர்ஸ் ஃப்ரம் மீ.’ என்ன சொல்ல வருகிறாள் என்று புரிகிறது, ஆனால் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவள் நோட்டிலேயே பென்சிலை வைத்துத் திருத்தினோம். நீங்களும் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வட்டம் போடுங்கள்

வினைக்கு அடிக்கோடு. அதை ஒட்டி வரும் பெயருக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் இருப்பது இழந்த ஆளா, போன பொருளா? இப்போதைக்கு இது மட்டும் போதும்.

படி 2: ஆள் என்றால் ஆஃப், பொருள் என்றால் ஃப்ரம்

ஸ்டீல் (திருடு), டேக் (எடு), சீஸ் (கைப்பற்று), கான்ஃபிஸ்கேட் (பறிமுதல் செய்) இவற்றுக்கு அடுத்து பொருள் வரும், அப்புறம் ஃப்ரம். ‘தே ஸ்டோல் மை பர்ஸ் ஃப்ரம் மீ.’ இது தமிழோடு ஒத்துப்போவதால் தொந்தரவு இல்லை. ராப், டிப்ரைவ், ஸ்ட்ரிப் மூன்றும் நேர்மாறு. அடுத்து இழந்த ஆள் வர வேண்டும், அப்புறம் ஆஃப் (ஒரே ஒரு எஃப் உள்ள ஆஃப், இரண்டு எஃப் உள்ளது வேறு சொல்): ‘தே ராப்ட் மீ ஆஃப் மை பர்ஸ்.’

வாக்கியத்தைச் செயப்பாட்டுக்கு மாற்றினால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ‘ஐ வாஸ் ராப்ட்’ சரி, ‘மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்’ சரி, ஆனால் ‘ஐ வாஸ் ஸ்டோலன்’ என்று எழுதினால் உங்களையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஆகிவிடும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய பென் ஜான்சன், ஊக்கமருந்து சோதனையில் சிக்கித் தங்கத்தை இழந்தார். அதை ஆங்கிலத்தில் ‘ஹி வாஸ் ஸ்ட்ரிப்ட் ஆஃப் ஹிஸ் கோல்ட் மெடல்’ என்பார்கள். பட்டம், பதக்கம், குடியுரிமை போன்றவற்றை அதிகாரத்தில் இருப்பவர்கள் பறித்தால் ஸ்ட்ரிப்தான் பொருத்தமான சொல். டிப்ரைவ் கொஞ்சம் அகலமானது. கையில் இருப்பதைப் பிடுங்கினாலும் சரி, கிடைக்க வேண்டியதைக் கிடைக்கவிடாமல் செய்தாலும் சரி, தூக்கம், உணவு, உரிமை எல்லாவற்றுக்கும் வரும்.

எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: ராப் என்ற சொல்லும் அங்கி என்று பொருள்படும் ரோப் என்ற சொல்லும் ஒரே வேரில் வந்தவை. பழைய பிரெஞ்சில் ரோப் என்றால் கொள்ளையடித்த பொருள், அப்படிக் கொள்ளை போன துணிமணி.

படி 3: பதவி விஷயம்

இங்கே ஒரு திருப்பம். ரிமூவ் (நீக்கு), அவுஸ்ட் (வெளியேற்று), டிஸ்மிஸ் (பதவியிலிருந்து விலக்கு) மூன்றிலும் வட்டத்துக்குள் ஆள்தான் இருப்பார், ஆனாலும் ஃப்ரம்தான் வரும்: ‘ரிமூவ்ட் ஹிம் ஃப்ரம் ஆபீஸ்.’ ஏனென்றால் ஓர் இடத்திலிருந்து எடுக்கப்படுவது இப்போது அந்த ஆளேதான்.

அரசருக்கு டிபோஸ், பலவந்தமாகக் கவிழ்த்தால் ஓவர்த்ரோ (1973இல் சிலியில் ராணுவம் அதிபர் அயெந்தேயின் அரசைக் கவிழ்த்தது), தேர்தலில் தொகுதியைப் பறிகொடுத்தால் அன்சீட். 1399இல் இங்கிலாந்தில் நடந்ததை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ரிச்சர்டை இறக்கிவிட்டு நான்காம் ஹென்றி அரியணை ஏறினார். நடந்தது ஒன்று, வினைகள் இரண்டு. வட்டத்துக்குள் ரிச்சர்ட் என்றால் டிபோஸ், அரியணை என்றால் யூசர்ப் (உரிமையில்லாமல் கைப்பற்றுவது). 1936இல் எட்டாம் எட்வர்டு தானாகவே முடி துறந்தாரே, அதற்கு அப்டிகேட்.

படி 4: இம்பீச், கவனம்

அதிகம் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். தமிழ்ச் செய்திகளில் ‘பதவி நீக்கத் தீர்மானம்’ என்று படித்துப் படித்து, இம்பீச் என்றாலே ஆளை நீக்கியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். இம்பீச் என்றால் முறைப்படி குற்றம் சாட்டுவது, அவ்வளவுதான். அமெரிக்காவில் குற்றம் சாட்டுவது பிரதிநிதிகள் சபை, விசாரித்து நீக்குவது செனட். அதிபர்களில் ஆண்ட்ரூ ஜான்சன் 1868இல், கிளிண்டன் 1998இல், டிரம்ப் 2019, 2021இல் இரண்டு முறை இம்பீச் செய்யப்பட்டார்கள், செனட் ஒருவரைக்கூட நீக்கவில்லை. நிக்சன் 1974இல் பிரதிநிதிகள் சபை வாக்கெடுப்புக்கு முன்பே விலகிவிட்டதால் அவருக்கு இந்த வினை பொருந்தாது, ரிசைன்ட் என்றுதான் எழுத வேண்டும். தென்கொரிய அதிபராக இருந்த பார்க் கியுன் ஹே விஷயத்தில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும்: 2016 டிசம்பரில் நாடாளுமன்றம் இம்பீச் செய்தது, 2017 மார்ச்சில் அரசியல் சாசன நீதிமன்றம் ரிமூவ் செய்தது.

பயிற்சி

1975 நவம்பர் 11 அன்று ஆஸ்திரேலியாவில் கவர்னர் ஜெனரல் ஜான் கெர், பிரதமர் விட்லமைப் பதவியிலிருந்து விலக்கினார். ராணுவம் வரவில்லை, தேர்தலில் தோற்றதும் இல்லை, மேலிருப்பவர் தன் அதிகாரத்தை வைத்து அனுப்பிவிட்டார். எந்த வினை? நோட்டில் எழுதிவிட்டு அடுத்த வரியைப் பாருங்கள்.

டிஸ்மிஸ். ஆஸ்திரேலியர்கள் அந்தச் சம்பவத்தையே இன்றும் ‘தி டிஸ்மிஸல்’ என்றுதான் சொல்கிறார்கள்.