சின்ன பூடில் கலப்பு நாய் வளர்க்கப் போகிறீர்களா? சீப்பு தோலைத் தொடட்டும்

எங்கள் வீட்டு மால்டிபூவுக்கு எட்டு மாதம் ஆனபோது உடம்பு முழுவதும் மொட்டை அடிக்க வேண்டியதாகிவிட்டது. இத்தனைக்கும் தினமும் பிரஷ் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். மேலிருந்து பார்த்தால் பஞ்சுப் பொதி. முடி வெட்டுபவர் ஒரு உலோகச் சீப்பை எடுத்து அதன் அக்குளில் விட்டார். சீப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. தோலை ஒட்டிக் கம்பளி விரித்த மாதிரி முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. மாதக்கணக்காக நான் அதன் மேல்பரப்பை மட்டும் வாரிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதல்முறையாக இந்த வகை நாயை வளர்ப்பவர்களுக்கு இரண்டு விஷயம் பிடிபட்டால் போதும்: ஒன்று அதன் குணம், இன்னொன்று முடி. குணத்தில் தொடங்குகிறேன். அது படியாவிட்டால் சீப்பைப் பக்கத்தில் கொண்டுபோகவே விடாது.

இது என்ன மாதிரி நாய்?

பூடிலோடு மால்டீஸ் சேர்ந்தால் மால்டிபூ, கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் சேர்ந்தால் கேவாபூ, காக்கர் ஸ்பேனியல் சேர்ந்தால் காக்கபூ. பூடில் அலங்கார நாய் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தண்ணீரில் விழுந்த பறவையை எடுத்துவர வளர்க்கப்பட்ட வேட்டை நாய். வேட்டைக்காரரின் கையசைவைக் கவனித்தபடியே வேலை செய்து பழகிய பரம்பரை. மால்டீஸும் கேவலியரும் மடியில் உட்காருவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. இரண்டும் கலந்தால் வேலைக்கார மூளையும் மடிநாயின் ஒட்டுதலும் ஒரே உடம்பில் வந்துவிடும். நீங்கள் சாவியை எடுக்கும் முன்பே கிளம்பப் போகிறீர்கள் என்று அதற்குத் தெரியும். குளியலறைக் கதவுக்கு வெளியே காத்திருக்கும். நல்ல பழக்கத்தை இரண்டு நாளில் கற்கும், கெட்டதை ஒரே நாளில்.

"முடி கொட்டாது, அலர்ஜி வராது" என்று விற்பார்கள். இதில் முதல் பாதி ஓரளவு உண்மை, இரண்டாம் பாதி நம்பக்கூடாதது. அலர்ஜியைக் கிளப்புவது முடி அல்ல. எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதங்கள். அவை எல்லா நாய்களிடமும் உண்டு. 1980-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர் லாப்ரடாரும் பூடிலும் சேர்ந்த லாப்ரடூடில் கலப்பை உருவாக்கியதே அலர்ஜிக்காகத்தான்: பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது, கணவருக்கோ நாய் ஒத்துக்கொள்ளாது. அப்போதுகூடப் பிறந்த குட்டிகளில் சில தேறவில்லை. வீட்டில் யாருக்காவது அலர்ஜி இருந்தால், வாங்கப்போகும் அந்தக் குட்டியோடும் அதன் தாயோடும் சில மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 1: குட்டியைத் தேர்ந்தெடுப்பது

எட்டு வாரம் முடியாத குட்டியை வாங்கவே வேண்டாம். தாயை நேரில் பாருங்கள். அது பயந்து ஒடுங்கினால் அந்தப் பயம் குட்டிக்கும் வர வாய்ப்பு உண்டு. கேவாபூ என்றால் கேவலியர் பக்கத்துப் பெற்றோரின் இதயப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள், ஏனென்றால் அந்த இனத்தில் இதய வால்வு நோய் மிக அதிகம். பூடில் பக்கத்துக்கு முழங்கால் சில்லு நழுவுதல், விழித்திரை மெல்லத் தேய்ந்துபோகும் பரம்பரை நோய் இரண்டையும் விசாரியுங்கள். "கலப்பு நாய்க்கு நோயே வராது" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளே ஒன்றுபோல் இருக்காது. ஒன்றுக்குச் சுருள் முடி, இன்னொன்றுக்கு அலை அலையான முடி. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று காட்டியது. அந்த மூன்றும் எந்தக் குட்டிக்கு எப்படிச் சேரும் என்பது சீட்டுக் குலுக்கல்தான்.

படி 2: முதல் இரண்டு வாரம்

வீடு முழுவதையும் முதல் நாளே திறந்துவிடாதீர்கள். ஒரு அறை, ஒரு படுக்கை, ஒரு தண்ணீர்க் கிண்ணம் போதும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கழிக்கும் இடத்துக்குத் தூக்கிப் போங்கள். இடையில் விழித்திருக்கும்போது ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு முறை. வேலை முடிந்த அந்த நொடியிலேயே ஒரு துணுக்குத் தின்பண்டம் கொடுங்கள். உள்ளே வந்தபிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குப் பரிசு என்று நினைத்துக்கொள்ளும். தரையில் போய்விட்டால் திட்டாதீர்கள். திட்டினால் உங்களுக்குத் தெரியாமல் சோபாவுக்குப் பின்னால் போகக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்கு வாரம் வரை குட்டியின் மனசு திறந்திருக்கும் காலம். குடை, தொப்பி, சக்கர நாற்காலி, குழந்தைகளின் கூச்சல், தலை உலர்த்தியின் சத்தம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து, பயமில்லாமல் காட்டுங்கள். தடுப்பூசி முடியும்வரை கையில் தூக்கியபடியே காட்டலாம்.

படி 3: தனியாக இருக்கப் பழக்குவது

நான் உட்படப் பலரும் தவறவிடும் படி இது. குட்டி அழகாக இருக்கிறது, மடியை விட்டு இறக்க மனசு வரவில்லை, ஒரு மாதம் போகிறது. பிறகு ஒரு நாள் வெளியே போய்வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார்.

இரண்டாம் நாளிலிருந்தே தொடங்குங்கள். குட்டி எதையாவது கடித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து அறைக்கு வெளியே போய், பத்து எண்ணிவிட்டுத் திரும்புங்கள். போகும்போது கொஞ்சலும் வேண்டாம், வரும்போது கொண்டாட்டமும் வேண்டாம். அது தலைதூக்காமல் இருந்தால் அடுத்த நாள் ஒரு நிமிடம், பிறகு மூன்று, பிறகு பத்து. அழ ஆரம்பித்தால் நேரத்தைக் கூட்டியது அதிகம் என்று அர்த்தம். முந்தைய அளவுக்கு இறங்குங்கள். சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு எங்கும் போகாமல் உட்காருங்கள். சாவிச் சத்தத்துக்கு மதிப்பு போய்விடும்.

படி 4: சீவுவது

மற்ற பல நாய்களுக்கு உதிர்ந்த முடி தரையில் விழுகிறது. சுருள் முடிக்குள் உதிர்ந்தது அங்கேயே மாட்டிக்கொள்கிறது, பக்கத்து முடியோடு பின்னிக்கொள்கிறது. முடி கொட்டாத நாய் என்பதற்குப் பொருள், தரையைக் கூட்டும் வேலை உங்கள் சீப்புக்கு மாறுகிறது என்பதுதான்.

கருவி இரண்டு போதும். வளைந்த மெல்லிய கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று, உலோகச் சீப்பு ஒன்று. பிரஷை முதலில் உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு எரியும் அழுத்தம் அதற்கும் எரியும்.

நாயை வழுக்காத விரிப்பின் மேல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். முடியைக் காய்ந்தபடியே சீவாமல், லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், முடி உடையாது. பின்னங்காலின் அடியில் தொடங்குங்கள். ஒரு கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்தால் தலையில் வகிடு எடுத்த மாதிரி தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து முடியைக் கீழ்நோக்கிச் சீவுங்கள். பிறகு ஒரு விரல் அகலம் மேலே அடுத்த வகிடு. இப்படி வரிசை வரிசையாக மேலே ஏறுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் உலோகச் சீப்பைத் தோல்வரை விட்டு இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால்தான் அந்த இடம் முடிந்தது. எங்கே நிற்கிறதோ, அங்கே திரும்பவும் பிரஷ்.

காதுக்குப் பின்புறம், அக்குள், ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) உரசும் இடம், தொடை உட்புறம், வாலின் அடி, விரல் இடுக்கு: சிக்கு ஒளியும் இடங்கள் இவை. நேரமில்லாத நாளில் முதுகை விட்டுவிடுங்கள், இவற்றை விடாதீர்கள்.

சிக்கு கிடைத்தால் அதன் அடியைத் தோலோடு சேர்த்து விரல்களால் பிடித்துக்கொள்ளுங்கள், இழுப்பு தோலுக்குப் போகாது. விரலால் பிரித்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். கத்தரிக்கோலை எடுக்கவே வேண்டாம். சிக்குக்குள் தோல் மேலே இழுபட்டிருக்கும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். விரித்த கம்பளியாகிவிட்டால் மொட்டைதான் வழி. அதைச் சீவிச் சரிசெய்ய முயல்வது நாய்க்குச் சித்திரவதை.

ஆரம்பத்தில் ஐந்து நிமிடம், நடுநடுவே தின்பண்டம், அது பொறுமை இழப்பதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் காலத்தில் ஒரே நாளில் சிக்கு விழும். எங்கள் நாய் மாட்டியது அங்கேதான்.

படி 5: குளியலும் மற்றவையும்

குளிப்பாட்டும் முன் சீவி முடித்துவிடுங்கள். ஈரம் பட்டால் சிக்கு இறுகும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, வெதுவெதுப்பான தண்ணீர், நாய்க்கான ஷாம்பூ. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், இளஞ்சூட்டுக் காற்றில் சீவிக்கொண்டே உலர்த்துங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை முடி வெட்டினால் போதும். புகைப்படத்துக்காக நீளமாக விடுவதைவிடக் குட்டையாக வைப்பது எனக்கு இப்போது பிடிக்கிறது.

தொங்கும் காதுக்குள் காற்று போகாது. வாரம் ஒரு முறை முகர்ந்து பாருங்கள். நாற்றம், சிவப்பு, பழுப்புக் கசிவு, ஓயாமல் தலையை உதறுவது எதுவானாலும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள்.

பல் விஷயத்தில் சின்ன நாய்களுக்குச் சிக்கல் அதிகம். பெரிய நாய்க்கு இருக்கும் அதே 42 பற்கள் இந்தச் சின்ன வாயிலும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஏழு மாதம் ஆகியும் பால் பல் விழாமல் புதுப் பல்லோடு சேர்ந்து நின்றால் காட்டிவிடுங்கள். நாய்க்கான பற்பசையால் தினமும் தேய்க்க வேண்டும். நாம் பயன்படுத்தும் பசை ஆகாது. சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் நாய்க்குக் கடும் விஷம். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு ஆகியவையும் அதே பட்டியல்தான்.

நடைக்குக் கழுத்துப்பட்டை வேண்டாம், ஹார்னஸ் போடுங்கள். இவற்றின் மூச்சுக்குழாய் மென்மையானது. மிகச் சின்னக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுங்கள். வேளை தவறினால் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். தள்ளாடினாலோ துவண்டு கிடந்தாலோ ஈறில் துளி தேன் தடவிவிட்டு, அது தெளிகிறதா என்று காத்திருக்காமல் அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.