திரையில் திருநர்: கதை மேசை முதல் டைட்டில் கார்டு வரை நேரும் தவறுகள்

திருநர் (திருநங்கை, திருநம்பி) பாத்திரம் உள்ள படம் சொதப்பினால் பழி முதலில் நடிகர் மேல்தான் விழுகிறது. தவறோ அதற்கு வெகு முன்பே, கதையின் முடிச்சை முடிவு செய்யும்போதே நடந்துவிடுகிறது.

ஒருவர் திருநர் என்பதையே திருப்பமாக வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1992இல் வந்த ‘தி க்ரையிங் கேம்’ படத்தில் காதலியின் உடலைப் பார்த்ததும் நாயகன் வாந்தியெடுக்கிறான். இரண்டே ஆண்டில் ‘ஏஸ் வென்ச்சுரா’ அந்த அருவருப்பை நீட்டி முழக்கி நகைச்சுவையாக்கியது. இந்த அமைப்பில் ரசிகர் ‘ஏமாந்தவர்’ பக்கம் உட்கார வைக்கப்படுகிறார். தன் வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருந்த திருநங்கை மோசடிக்காரி ஆகிறார். திரையோடு இது முடிவதில்லை. திருநங்கைகளைத் தாக்கியவர்களும் கொன்றவர்களும் ‘தெரிந்ததும் அதிர்ச்சியில் செய்துவிட்டேன்’ என்று நீதிமன்றத்தில் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதத்துக்கும் இந்தக் காட்சிக்கும் ஒரே தர்க்கம்.

மாற்று வழி எளிது. பாத்திரம் திருநர் என்பதை முதல் பத்து நிமிடத்துக்குள் ரசிகருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் அதை இன்னொருவரிடம் சொல்லும் காட்சி வேண்டுமென்றால் கேமரா அவர் பக்கம் இருக்கட்டும்: எப்போது சொல்வது, சொன்னால் உயிருக்கு ஆபத்தா, யாருக்கு முன்கூட்டித் தகவல் கொடுத்துவிட்டு வந்தார். உண்மையான பதற்றம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, தன்பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் போட்டுக் குழப்புவது. ஆணைக் காதலிக்கும் திருநங்கை எதிர்பாலீர்ப்பு உள்ள பெண். பெண்ணைக் காதலிக்கும் திருநங்கைகளும், ஆணைக் காதலிக்கும் திருநம்பிகளும் உண்டு; அவர்களைத் திரையில் பார்ப்பதே அரிது. டிராக் என்பது ஆண்-பெண் தோற்றத்தை மிகைப்படுத்தி வேடமிட்டு ஆடும் மேடைக்கலை. அதைச் செய்பவர் திருநராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாத்திரக் குறிப்பில் அடையாளம், ஈர்ப்பு, தொழில் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) வரலாற்றைப் படமாக்கும்போது திருநரை ஓரத்தில் நிறுத்துவது இன்னொரு பழக்கம். சான் ஃபிரான்சிஸ்கோவில் காம்ப்டன்ஸ் உணவகத்தில் போலீசை எதிர்த்துத் திருநங்கைகள் கிளர்ந்தது 1966இல். நியூயார்க்கில் ஸ்டோன்வால் விடுதியில் போலீஸ் சோதனையை எதிர்த்து எழுந்த கலவரம் 1969இல். ஆனால் 2015இல் வந்த ‘ஸ்டோன்வால்’ படம் கற்பனையான ஒரு வெள்ளை இளைஞனை நடுவில் வைத்தது. கண்டனம் வந்ததில் வியப்பில்லை. இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: இன்றைய சொற்களை அன்றைய மனிதர்கள் வாயில் திணிப்பது. ஸ்டோன்வால் கலவரத்தோடு அறியப்படும் மார்ஷா பி. ஜான்சன் தன்னை ‘டிராக் குவீன்’ என்றும் ‘கே’ (தன்பாலீர்ப்பாளர்) என்றும் சொல்லிக்கொண்டவர். வசனத்தில் அவருடைய சொற்களே இருக்கட்டும்.

தனித்தீவாக ஒரே ஒரு திருநர் என்பதும் வாழ்க்கைக்குப் பொருந்தாதது. கறுப்பின, லத்தீன் பால்புதுமையினர் நடை, நடனப் போட்டிகள் நடத்தும் நியூயார்க் பால்ரூம் உலகில் ‘ஹவுஸ்’ என்பது குடும்பம். அதற்குத் தாய், பிள்ளைகள், சண்டை, பாசம் எல்லாம் உண்டு. உங்கள் பாத்திரத்துக்கு இன்னொரு திருநர் தோழியாவது இருக்கிறாரா? இல்லையென்றால், அவர் எங்கிருந்து வாழக் கற்றுக்கொண்டார் என்ற கேள்விக்குத் திரைக்கதையில் பதில் இருக்காது.

உடல் விஷயத்தில் தகவல் பிழைகள் குவிகின்றன. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் எடுத்தால் பருவம் கடந்தவரின் குரல் மெலியாது. குரல் பயிற்சி வேண்டும், சிலர் அறுவை சிகிச்சையும் செய்துகொள்வார்கள். முகத்து ரோமமும் தானாகப் போய்விடாது. லேசரோ மின்முறையோ பல அமர்வுகள் தேவை. மார்பு வளர்ச்சி பொதுவாக 3 முதல் 6 மாதத்தில் தொடங்கி, முழுமையாக 2, 3 ஆண்டுகள் எடுக்கும். திருநம்பிகள் எடுக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குரலை இறக்கும், அதுவும் மாதக்கணக்கில். ஒரே பாடலுக்குள் ஆள் மாறிவிடுவது பொய். கண்ணாடி முன் உதட்டுச்சாயம் பூசும் காட்சியை வெட்டிவிடுங்கள். எல்லாப் படத்திலும் வந்துவிட்டது.

நடிகர் தேர்வு. ‘தி டேனிஷ் கேர்ள்’ படத்தில் திருநங்கையாக நடித்த எடி ரெட்மெய்ன், அந்த வேடத்தை ஏற்றது தவறு என்று 2021இல் தானே சொன்னார். ஆண் நடிகர் விக் வைத்து நடித்து, விருது மேடைக்குத் தாடியோடு வரும்போது, ‘உள்ளே இருப்பது ஆண்தான்’ என்ற எண்ணம் ரசிகர் மனதில் உறுதிப்படுகிறது. சிலி நாட்டின் ‘எ ஃபென்டாஸ்டிக் வுமன்’ படத்துக்கு முதலில் ஆலோசகராக வந்தவர் திருநங்கை டேனியலா வேகா. பிறகு அவரே நாயகியானார். 2018இல் அந்தப் படம் சிறந்த வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. தேர்வின்போது பழைய புகைப்படம் கேட்காதீர்கள், அறுவை சிகிச்சை பற்றி விசாரிக்காதீர்கள். மருத்துவர், வழக்கறிஞர் வேடங்களுக்கும் திருநர் நடிகர்களை அழையுங்கள். டப்பிங்கில் திருநங்கைக்கு வலிந்து கட்டைக்குரல் கொடுத்துச் சிரிப்பு வாங்குவதும் பழைய இழிவுதான்.

படப்பிடிப்பு தொடங்கிய பிறகு திருநர் ஆலோசகரை அழைப்பது காலம் கடந்த செயல். கதைச்சுருக்கம், முதல் வரைவு, முதல் எடிட் என மூன்று கட்டத்திலும் அவர் வேண்டும். சம்பளமும் டைட்டிலில் பெயரும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். நியூயார்க் பால்ரூம் உலகைப் பற்றிய ‘பாரிஸ் இஸ் பர்னிங்’ ஆவணப்படம் வெற்றி பெற்ற பிறகு, அதில் தோன்றியவர்களில் சிலர் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று குரல் எழுப்பினார்கள். இந்தக் கணக்கைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் முடித்துவிட வேண்டும்.

நடிகரோ தொழில்நுட்பக் கலைஞரோ பிற்பாடு பெயர் மாற்றிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கும் அதே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். 2020 டிசம்பரில் நடிகர் எலியட் பேஜ் தான் திருநர் என்று அறிவித்ததும், ஏற்கெனவே வெளியான தொடரின் டைட்டிலிலும் நெட்ஃபிளிக்ஸ் பெயரை மாற்றியது. ஓடிடி பிரதியில் இதைச் செய்ய டைட்டில் கார்டின் எழுத்துகள் நீங்கிய மூலக்கோப்பு வேண்டும். மாஸ்டர் ஒப்படைக்கும் நாளிலேயே அதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.